மஞ்சள் தோட்டா

மோர்னிங்சைட்
09.11.2025

இக்னேசியஸ் அண்ணைக்கு,

நலம் விசாரித்து எழுதவில்லை. உங்கள் நம்பரை நான் புளொக் பண்ணிவிட்டேன் என்பது இதற்குள் உங்களுக்கு விளங்கியிருக்கும். உங்கள் குரலைக் கேட்க என்னால் ஏலாது. ஆனால் ஒரு பதில் வேண்டும், அதுவும் எழுத்தில் வேண்டும். அதனால் இதை எமில்டாவிடம் கொடுத்துவிடுகிறேன். உங்கள் மனைவி என்றாலும் அவள் பேக்கரியில் எட்டு வருடமாக எனக்குப் பக்கத்தில் நின்று ரோல்ஸ் சுற்றுகிறவள். அவளோடு எனக்குக் கோபமில்லை.

நீங்கள் அந்த இடத்தில் நின்றவர். ஆனாலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முதலாம் திகதி சனிக்கிழமை விடிய நாலரைக்கு என் மனிசன் உங்களோடு லின்ட்சே பக்கம், அறுத்த சோளவயலுக்குக் கூஸ் வாத்துச் சுடப் போனார். பத்து மணிக்கு ஆசுப்பத்திரியிலிருந்து போன் வந்தது. துவக்கு வெடித்துவிட்டதாம். சுடுகிற துவக்கு எப்படி வெடிக்கும் என்று கேட்டேன். நேர்ஸுக்குத் தெரியவில்லை. குழல் பிளந்து இடக்கையில் மூன்று விரல் போய்விட்டது. இடக்கண் போய்விட்டது. வலக்கண்ணுக்குள் விழித்திரை கழன்று வருகிறது. இந்த மாதம் இருபத்தெட்டுக்கு முன் ஒப்பரேசன் செய்யாவிட்டால் அதுவும் போய்விடும் என்று டொக்டர் சொல்கிறார்.

இவர் கையெழுத்துப் போட மாட்டாராம். பேப்பரை நீட்டினால் தலையை ஆட்டுகிறார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ஊட்டினால் இரண்டு வாய், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறார். ரக் லொறி ஓட்டி வின்னிபெக் போனாலும் வழி முழுக்கப் போனில் கதைத்து என் காதைத் தின்கிற மனிசன் இவர். கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருடத்தில் இவர் வாய் மூடி நான் கண்டதில்லை.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். இந்தக் கனடாவுக்கு வந்து காசு கொடுத்துத் துவக்கு வாங்கலாம், லைசென்ஸ் எடுக்கலாம் என்று இவருக்குப் பழக்கியது யார்? நீங்கள்தான். கோயிலில் ஒருவர், குழல் வாயில் பூட்டுகிற சோக் பிழையாம், அண்ணை இறுக்கமானதைப் பூட்டிவிட்டாராம் என்கிறார். வனத்துறை அதிகாரி வேறு கதை சொல்கிறார். பெரிய துவக்கின் குழலுக்குள் சின்னத் துவக்கின் தோட்டா ஒன்று போய்க் கிடந்ததாம், மஞ்சள் நிறமாம். சின்னத் துவக்கு எங்கள் வீட்டில் இல்லை. உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

அந்த மஞ்சள் தோட்டா இவர் கைக்கு எப்படி வந்தது? இவர் உங்களைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறார் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் உண்மையைச் சொன்னால் இவர் பாரம் இறங்கும், பேனையைப் பிடிப்பார். இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. மன்னிப்பெல்லாம் எழுத வேண்டாம். நடந்ததை எழுதுங்கள்.

ஜெயமலர்


ஸ்ரௌவ்வில்
12.11.2025

அன்புத் தங்கச்சி மலருக்கு,

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். பிறம்ரன் வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்குக் கடிதம் எழுதுகிற கை எங்கே இருக்கிறது? பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அந்த மஞ்சள் தோட்டா என்னுடையது. என்னிடமிருந்துதான் போனது. அதிகாரியிடமும் அதைத்தான் சொன்னேன். என் துவக்குகளை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், போகட்டும். நீ யாரையாவது ஏச வேண்டுமென்றால் ஆள் இங்கேதான் இருக்கிறேன், வேறெங்கும் தேடாதே.

திங்கட்கிழமை உங்கள் வாசலில் மணி அடித்தேன். மேல் யன்னலில் திரை அசைந்தது. சூப்பைப் படியில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் பாத்திரம் கழுவி வந்தது. அவன் குடித்தானா, நீ வெளியே ஊற்றினாயா என்று எமில்டாவைக் கேட்டேன். தனக்குத் தெரியாது என்றாள். ஊற்றியிருந்தாலும் குற்றமில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ராகுலனிடம் போய், இக்னேசியஸ் எல்லாம் தன் பிழை என்று எழுதியிருக்கிறான் என்று சொல்லு. இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. அதற்குமேல் அவனிடம் ஒன்றும் கேளாதே, தோண்டாதே. அவன் ரக் ஏற்ற வருகிற வெயார்ஹவுஸில் பதினாறு வருடம் அவனோடு ஒரே கன்ரீனில் சாப்பிட்டவன் கேட்கிறேன். அவன் கையெழுத்துப் போட வேண்டும், அதைத் தவிர இந்த உலகத்தில் எனக்கு இப்போது வேறு ஒன்றும் வேண்டாம். அந்தோனியாரிடம் தினமும் அதைத்தான் கேட்கிறேன்.

இக்னேசியஸ்


மோர்னிங்சைட்
14.11.2025

அண்ணைக்கு,

சொன்னேன். உங்கள் கடிதத்தைக் கட்டிலில் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டினேன். இவரின் மிஞ்சின கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. பிறகு, இரண்டு கிழமைக்குப் பிறகு, முதல்முறையாக ஒரு சொல் சொன்னார்.

"விடு."

அவ்வளவுதான். யாரை விட, எதை விட என்று கேட்டேன். திரும்பிப் படுத்துவிட்டார். பேப்பர் மேசையில் அப்படியே கிடக்கிறது.

உங்கள் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு லேசாகக் குற்றத்தை ஒத்துக்கொள்கிறவர் பாதியைத்தான் சொல்கிறார். 'என்னிடமிருந்து போனது' என்றால் என்ன? தானாக நடந்து போனதா? எப்போது கொடுத்தீர்கள், ஏன் கொடுத்தீர்கள், இவர் பார்க்காமல் எப்படிப் போட்டார்? தோண்டாதே என்கிறீர்கள். என் வீட்டில் ஒரு மனிசன் கண்ணுக்கு முன் குருடாகிக்கொண்டு இருக்கிறார், நான் தோண்டாமல் என்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை அதிகாரி என்னிடம் வாக்குமூலம் எடுக்க வருகிறார். போனமுறை வந்தபோது எந்த சோக் பூட்டியிருந்தது, எத்தனையாம் இலக்கச் சன்னம், ஈயமா உருக்கா என்று அடுக்கிக்கொண்டு போனார். நான் மரம் மாதிரி நின்றேன். எனக்கும் இந்த வேட்டைக்கும் உள்ள சம்பந்தம் இரத்தம் பட்ட உடுப்பைத் தோய்ப்பதோடு சரி. கூஸ் இறைச்சி கூட உங்கள் வீட்டில்தான் சமைத்தீர்கள்.

எனக்குப் படிப்பியுங்கள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதுங்கள். எதற்கு எந்தத் தோட்டா, எதற்கு எந்த சோக், இந்த மஞ்சள் எங்கே வந்து புகுந்தது. செவ்வாய்க்கு முன் வேண்டும். பதினான்கு நாள்தான் இருக்கிறது.

ஜெயமலர்


ஸ்ரௌவ்வில்
16.11.2025

தங்கச்சி மலருக்கு,

படிப்பி என்றாய். சரி. எழுதத் தொடங்கினால் என்னையறியாமல் சந்தோசம் வந்துவிடுகிறது, அதற்காக என்னைக் கோபிக்காதே. எனக்கும் ராகுலனுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதுதான் கதை.

முதலில் இலக்கம். இந்தத் தொழிலில் எல்லாம் தலைகீழ். பன்னிரண்டு என்றால் பெரிய குழல், இருபது என்றால் சின்னக் குழல். சன்னமும் அப்படித்தான். எட்டாம் இலக்கம் கடுகளவு, இரண்டாம் இலக்கம் மிளகளவு. ஒரு தோட்டாவுக்குள் இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும். ராகுலனின் துவக்கு பன்னிரண்டு, மேலும் கீழுமாக இரண்டு குழல். நடுவில் மடித்துத் திறந்து பின்பக்கத்தால் கையால் தோட்டாவைப் போட வேண்டும்.

சோக் என்பது குழல் வாய்க்குள் திருகிப் பூட்டுகிற விரல் நீளக் குழாய். வாயை ஒடுக்குகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. நீ கத்தரிக்கன்றுக்கு ஹோஸ் பிடிக்கும்போது வாயில் பெருவிரலை வைப்பாயே, அதே விசயம். ஒடுக்கினால் சன்னம் கட்டாகத் தூரம் போகும். திறந்துவிட்டால் பக்கத்திலேயே விரியும்.

காட்டுக்கோழியும் முயலும் பற்றைக்குள்ளிருந்து காலடியில் எழும்பும். அறுபது அடித் தூரம்கூட இராது. அதற்குத் திறந்த சோக், சின்னச் சன்னம். இறுக்கமானதைப் பூட்டினால் ஒன்றில் தவறும், இல்லாவிட்டால் கறிக்கு ஒன்றும் மிஞ்சாது. வான்கோழி நின்று பார்க்கும் சாதி, அதன் தலையைக் குறிவைக்க வேண்டும். அதற்கு ஆக இறுக்கமான சோக். மானுக்குச் சன்னம் இல்லை, கட்டைவிரல் தடிப்பில் ஒற்றைக் குண்டு. அதைத் திறந்த சோக்கால்தான் விட வேண்டும், இறுக்கத்துக்குள் விட்டால் துவக்குக்குக் கூடாது.

கூஸுக்கும் தாராவுக்கும் ஈயச் சன்னம் இந்த நாட்டில் தடை. தண்ணீருக்குள் விழுந்து மற்றப் பறவைகள் தின்று சாகும் என்று. ஆகவே உருக்கு. உருக்கு ஈயம் மாதிரி நசியாது, ஒடுங்கின வாய்க்குள் திணிக்கக்கூடாது. கூஸ் பெரிய உடம்பு, மிளகை விடப் பெரிய சன்னம் வேண்டும், சோக் நடுத்தரம். இதெல்லாம் நான் ஒரு மட்டையில் எழுதிக் கொடுத்து அவன் துவக்குப் பெட்டி மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறான். அன்றைக்கு மேல்குழலில் நடுத்தரம், கீழ்க்குழலில் அதைவிடக் கொஞ்சம் திறந்தது. நானே திருகிப் பார்த்தேன். சோக் சரி. கோயிலில் கதைக்கிறவருக்கு இதைச் சொல்லிவிடு.

இனி மஞ்சள். இருபதாம் இலக்கத் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் போடுவதே ஒருவரும் மாற்றிப் போடக்கூடாது என்றுதான். பன்னிரண்டின் குழலுக்குள் அதைப் போட்டால் பின்வாயில் தங்காது. வழுக்கிக்கொண்டு உள்ளே போய் ஒரு சாணுக்குள் இறுகி நிற்கும். பின்பக்கம் பார்த்தால் வெறுமையாகத் தெரியும். போட மறந்துவிட்டேன் என்று நினைத்து இன்னொன்றைப் போட்டுச் சுட்டால், முன்னால் போக வழியில்லை. கை பிடித்திருக்கிற இடத்தில் குழல் பிளக்கும்.

ராகுலனைக் குறை நினைக்காதே. செப்டம்பரில் அவனுக்குத் தோள் நோ, பாரம் தூக்க ஏலாது என்று என் சின்னத் துவக்கை இரவல் கொடுத்துக் காட்டுக்கோழிக்குப் போனோம். மீந்த ஐந்து மஞ்சளை அவன் மற்றதோடு கலக்கவே இல்லை. ஒரு நீலக் காலுறைக்குள் போட்டு, முடிச்சுப் போட்டு, ஜாக்கெற்றின் உள்பையில் ஜிப் இழுத்து வைத்திருந்தான். அவ்வளவு கவனமான ஆள் அவன். அவன் கவனக்குறைவாக இருந்தான் என்று யாரும் சொல்ல நான் விடமாட்டேன்.

பிழை என்னுடையது. அன்று வெளிச்சம் வருமுன் அவன் தோட்டா கேட்டான். நான் என் பைக்குள் கையை விட்டுப் பார்க்காமல் எடுத்து நீட்டினேன். அதில் ஒன்று மஞ்சள். இதை அதிகாரியிடம் அப்படியே சொல்லு. கடிதத்தையும் காட்டு.

இக்னேசியஸ்


மோர்னிங்சைட்
19.11.2025

அண்ணை,

உங்கள் கடிதம் கிடைத்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் வாசித்தேன். அதுதானே எனக்கு வேண்டியிருந்தது. நேற்று அதிகாரி வந்தார். அந்தப் பக்கத்தைக் காட்டி, இங்கிலிஷில் சொல்லி, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். உங்கள் மேல் வழக்கு வரலாம் என்றார். எனக்கு நெஞ்சு ஆறியது. பொய் சொல்லவில்லை, ஆறியது.

அவர் போன பிறகு மற்றப் பக்கங்களை வாசித்தேன்.

ஒக்ரோபர் இருபத்தொராம் திகதி செவ்வாய்க்கிழமை. மறுநாள் கந்தசஷ்டி தொடக்கம். ஆறு நாளும் நான் பாலும் பழமும் மட்டும் என்பது உங்களுக்குத் தெரியும், வருசா வருசம் எமில்டாவைக் கொண்டு என்னைப் பகிடி பண்ணுகிறனீங்கள். விரதத்துக்கு முன் வீட்டில் இரத்தம் பட்ட ஒன்றும் இருக்கக்கூடாது எனக்கு. ஃப்ரீசரில் கிடந்த இறைச்சியை எமில்டாவிடம் கொடுத்துவிட்டேன். கராஜில் இவரின் வேட்டை ஜாக்கெற் தொங்கியது, அதன் கையில் காய்ந்த இரத்தம். பைகளைக் கொட்டினேன். வெளிப்பையில் கிடந்தது, உள்பையில் கிடந்தது, எல்லாம் ஒரே ஐஸ்கிரீம் பேணிக்குள். காலுறை முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் அவிழ்த்தேன். உள்ளே மஞ்சளாக ஐந்து. காலுறையையும் சேர்த்துத் தோய்க்கப் போட்டேன்.

பாறணை முடிந்த அன்று பின்னேரம் எல்லாவற்றையும் ஜாக்கெற்றுக்குள் திரும்பப் போட்டேன். ஒரு பக்கம் பாரம் கூடி இழுக்கக்கூடாது என்று எண்ணிப் போட்டேன், இந்தப் பை பத்து, அந்தப் பை பத்து. நிறத்தைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். சிவப்பும் மஞ்சளுமாக வடிவாக இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த நீலக் காலுறை சோடியோடு அலுமாரியில் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். உங்கள் பைக்குள்ளிருந்து மஞ்சள் வரவில்லை, அண்ணை. நீங்கள் எனக்குப் பொய் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தப் பொய்யில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ரக்கில் ஓடுகிற இந்த மனிசனுக்கு ஒன்றும் நடக்கக்கூடாது என்றுதான் அந்த ஆறு நாளும் பட்டினி கிடந்தேன். இப்போது முருகா என்று சொல்ல வாய் வருகுதில்லை. சாமியறைக் கதவைச் சாத்திவிட்டேன்.

இவருக்குத் தெரியுமா? அதை மட்டும் எழுதுங்கள். ஓம் அல்லது இல்லை. வேறு படிப்பு ஒன்றும் வேண்டாம்.

மலர்


ஸ்ரௌவ்வில்
21.11.2025

என் தங்கச்சி,

ஓம்.

இல்லை என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எமில்டா பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நான் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. உன் கடிதத்தை வாசித்துவிட்டு, இனியும் பொய் எழுதினால் தான் வீட்டில் இல்லை என்றாள்.

அன்று விடிய அவன் காருக்குள் ஏறியபோதே ஜாக்கெற்றில் சோப் மணம். மான் என்றால் மைலுக்கு அங்காலே ஓடியிருக்கும், கூஸ் எண்டபடியால் தப்பினாய் என்று பகிடி விட்டேன். மலர் சஷ்டிக்குத் தோய்ச்சவள் என்று அவனும் சிரித்தான். பிறகு, அவன் நிலத்தில் கிடக்க, நான் என் சட்டையைக் கிழித்துக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தபோது, அவன் மற்றக் கையால் பைக்குள் தடவி மஞ்சள் ஒன்றை எடுத்தான். கண்ணால் பார்க்க ஏலாது, தடிப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தான். அம்புலன்ஸ் வர முன் அவன் சொன்னது ஒன்றுதான்.

"மலர் அறியக்கூடாது. சத்தியம் பண்ணடா."

பண்ணினேன். இப்போது அதை முறித்துவிட்டேன்.

நான் சும்மா பழியைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன் என்று நினைக்காதே. எனக்குச் சொந்தமாகவே ஒன்று இருக்கிறது. விடியமுன் இருட்டில் நிறம் பாராமல் பையிலிருந்து எடுத்துப் போட்டிருந்தான்; முதல் குழல் ஒழுங்காகச் சுட்டது, இரண்டாவது வெறும் கிளிக். அவன் என்னைப் பார்த்தான். கிளிக் என்றால் திறந்து, குழலுக்குள்ளால் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அது முதல் நாள் பாடம், அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான். ஆனால் அடுத்த கூஸ் கூட்டம் தாழ வந்துகொண்டிருந்தது. போட மறந்திட்டாய், கெதியாப் போட்டுச் சுடடா என்று கத்தினேன். நான் சொன்னபடி செய்தான். நீ பையை மாற்றினாய். நான் பார்க்க விடவில்லை. எடை போட்டால் என்னுடையதுதான் கூட.

ஆகையால் காலில் விழுந்து கேட்கிறேன், வாக்குமூலத்தை மாற்றாதே. எனக்கு என்ன, துவக்கு லைசென்ஸ் போகும், கோர்ட்டில் நிற்பேன், அவ்வளவுதானே. நீ மாற்றினால், நீ அறிந்துவிட்டாய் என்று அவனுக்குத் தெரிய வரும். உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் அவன் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். அதுவும் இல்லையென்றால் அவனிடம் என்ன இருக்கிறது? இன்னும் ஏழு நாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கட்டும், ஆனால் உயிரோடு படுத்திருக்கட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, மலர்.

இக்னேசியஸ்


மோர்னிங்சைட்
27.11.2025

இக்னேசியஸ் அண்ணைக்கு,

உங்கள் சொல்லை நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை எமில்டா கடிதத்தைத் தந்தாள். கோட்டைக் கழற்றாமலே அறைக்குள் போனேன். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அலுமாரியிலிருந்து அந்த நீலக் காலுறையை எடுத்து இவர் வலக்கைக்குள் வைத்தேன். விரலால் தடவினார். முடிச்சு இருந்த இடம் இன்னும் சுருங்கித்தான் கிடக்கிறது. அதைக் கண்டுபிடித்ததும் கை நின்றுவிட்டது.

"அவன் சொல்லிப்போட்டானோ?"

"இல்லை. நானாத்தான் கண்டுபிடிச்சனான்."

நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். பிறகு பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"அப்ப இனி நான் உன்னோடை கதைக்கலாம்."

அண்ணை, இவர் ஏன் கையெழுத்துப் போடவில்லை தெரியுமா? மயக்க மருந்துக்குப் பயந்து. கைக்கு ஒப்பரேசன் செய்து மயக்கம் தெளிகிறபோது என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாராம், நேர்ஸ் சொல்லியிருக்கிறாள். அடுத்தமுறை நான் பக்கத்தில் நிற்பேன், தான் உளறிக் கொட்டிவிடுவார் என்று பயம். அதற்கு இந்தக் கண்ணும் போகட்டும் என்று முடிவு பண்ணியிருக்கிறார். வாயைத் திறந்தால் அதுதான் முதல் வரும் என்று சாதாரணக் கதையும் கதைக்கவில்லை. சோறு போதும் என்று சொல்லக்கூடப் பயந்து கிடந்திருக்கிறார். நான் அதை உங்களுக்கான விசுவாசம் என்று நினைத்து மூன்று கிழமை உங்களைச் சபித்தேன். இவர் கிடந்தது எனக்காக.

பிறகு என்னிடம் கேட்டார், ஒருக்கா ஏசட்டோ என்று. ஏசுங்கோ என்றேன். அரை மணித்தியாலம் ஏசினார். பொக்கற்றுக்குள் கை வைக்காதே என்று எத்தனை தரம் சொன்னனான், உனக்குக் கண் தெரியாதோ, பாரம் சமன் பார்க்க இதென்ன தராசோ என்று தொடங்கி, கலியாணத்துக்கு அடுத்த மாதம் நான் பாஸ்போட்டைச் சட்டையோடு தோய்த்த கதை வரைக்கும் போனார். குரல் அடைத்துப் போனது. நான் ஒன்றும் மறுக்கவில்லை. முடிந்ததும் பேப்பரைக் கொண்டுவா என்றார். கோடு எங்கே என்று தெரியவில்லை, நான் விரலைப் பிடித்துக் காட்டினேன், கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கே டொக்டருக்கு அறிவித்தேன். செவ்வாய்க்கிழமை இடம் இருந்தது. இடையில் திங்கட்கிழமை அதிகாரியிடம் போய் நான் சொன்னது பிழை, நடந்தது இது என்று சொன்னேன். தோய்த்ததிலிருந்து எண்ணிப் போட்டது வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. எழுதிக்கொண்டார். உடுப்புத் தோய்ப்பது குற்றமில்லை அம்மா என்றார். அப்படியென்றால் எனக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். அவர் பேனையை மூடிவிட்டு எனக்குத் தண்ணீர் எடுத்துவந்து தந்தார். உங்களை இன்னொருமுறை கூப்பிடுவார்கள். இந்தமுறை கிளிக் சத்தத்தையும் சொல்லுங்கள்.

அந்தக் கிளிக் உங்கள் பங்கு. அதை நான் எடுக்கவும் மாட்டேன், அதற்கு உங்களை மன்னிக்க நான் ஆளும் இல்லை. என்னுடையது எனக்குத் தாராளமாக இருக்கிறது. சமைக்கிறபோது இருக்கிறது, பேக்கரியில் மாவைப் பிசைகிறபோது இருக்கிறது. எது கூட, எது குறைவு என்று நாங்கள் இரண்டு பேரும் எடை போட்டு என்ன காணப்போகிறோம்? வந்து இவரிடம் சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை ஒப்பரேசன் முடிந்தது. பிடிக்குமா என்று டொக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார். ஆறு கிழமை போக வேண்டுமாம். கண்ணுக்குள் ஏதோ காற்று அடைத்து விட்டிருக்கிறார்கள், அது விழித்திரையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதால் இரவு பகல் முகத்தைக் கவிழ்த்தபடியே இருக்க வேண்டும். சாப்பாடும் அப்படித்தான், கதையும் அப்படித்தான். மயக்கம் தெளிந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பெயரைச் சொன்னார். உங்கள் பெயரையும் சொன்னார்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன், ஆனால் போன் எடுக்க வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் நேரே வாருங்கள், கதவு பூட்டியிராது. வந்து கதிரையில் இருக்க வேண்டாம், அண்ணை. கட்டிலடியில் நிலத்தில் இருங்கள். இவரால் இப்போது கீழேதான் பார்க்க முடியும்.

மலர்